ஆங்கில டென்ஸ் கற்கத் தொடங்குபவருக்கு: எதை முதலில், எதை அப்புறம், எங்கே வழுக்கும்

ஆங்கில இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் பன்னிரண்டு கட்டம் போட்ட ஓர் அட்டவணை இருக்கும். பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர் ஒரு பக்கம். சிம்பிள், கன்டினியுவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் இன்னொரு பக்கம். அதைக் கடகடவென்று ஒப்பிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் அவர்களில் பலருக்கு நாக்கு எழாது. ஒரு வடிவத்தை எப்படிக் கட்டுவது என்று அட்டவணை சொல்கிறது. அதை எப்போது எடுப்பது என்று சொல்வதில்லை. விட்டுப்போன அந்த இடத்தை நாம் தமிழை வைத்து நிரப்பிக்கொள்கிறோம். 'போவேன்' என்றால் 'வில்', 'போயிருக்கேன்' என்றால் 'ஹேவ்', 'போயிருந்தேன்' என்றால் 'ஹேட்' என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. இந்த மூன்று கணக்குமே அடிக்கடி பொய்த்துப்போகும். ஏன் என்று கீழே ஒவ்வொன்றாக வரும்.

கற்க வேண்டிய வரிசைப்படிதான் படிகளைக் கொடுத்திருக்கிறேன், தாண்டிப் போகாதீர்கள். ஆங்கில வாக்கியங்கள் இங்கே உச்சரிப்பாகத் தமிழில் உள்ளன. உங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள்.

தொடங்கும் முன்: என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு தடித்த நோட்டு, ஒரு அகராதி, தினமும் அரை மணி நேரம். அகராதி என்றால் ஆங்கிலம்–தமிழ் அகராதி அல்ல. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே போடும் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' வகை. வெர்ப் ஒவ்வொன்றின் மூன்று வடிவங்களும் உதாரண வாக்கியங்களும் அதில் இருக்கும். பெரிய பதிப்பகங்களின் அகராதிகள் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, உச்சரிப்பையும் கேட்கலாம். ஆகவே செலவு என்று பார்த்தால் நோட்டுக்கு மட்டும்தான்.

காலம்: கீழே உள்ள முதல் ஐந்து படிகளுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். மற்றவற்றுக்கு இன்னொரு மாதம். 'முப்பது நாளில்' என்று யாராவது சொன்னால், அந்த நாட்களில் அட்டவணை மனப்பாடமாகும், பேச்சு வராது.

காசு கட்டி வகுப்பில் சேர எண்ணினால், சேரும் முன் இரண்டே இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு மணி நேர வகுப்பில் நான் எவ்வளவு நேரம் பேசுவேன், என் எழுத்தை யார் திருத்துவார்கள்? ஆசிரியர் எழுதிப்போடுவதை நகல் எடுக்கும் வகுப்பு என்றால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

படி 1: வெர்பின் மூன்று வடிவங்கள்

இது இல்லாமல் மேலே ஒன்றும் நகராது. நோட்டின் பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுங்கள்: கோ – வென்ட் – கான். முதலாவது அடிப்படை வடிவம். இரண்டாவது சிம்பிள் பாஸ்டுக்கு மட்டும். மூன்றாவது 'ஹேவ்', 'ஹேஸ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பிறகும், பாசிவ் வாய்ஸிலும் (செயப்பாட்டு வினையிலும்) வரும். "ஐ ஹேவ் வென்ட்", "ஐ கான் தேர்" இரண்டும் தவறாவது இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறியதால்.

பெரும்பாலான வெர்ப்களுக்கு 'இ-டி' சேர்த்தால் போதும். ஒழுங்கில் வராதவை சுமார் 200. அவற்றையும் அகர வரிசையில் படிக்காதீர்கள். ஒலி ஒத்துப்போகும் குழுக்களாகப் படித்தால் சீக்கிரம் பதியும்.

மாறாதவை: கட், புட், ஹிட், ஷட், ஹர்ட், லெட், காஸ்ட். மூன்று பத்தியிலும் ஒரே சொல்.
பின்னிரண்டும் ஒன்று: பை – பாட் – பாட், பிரிங் – பிராட் – பிராட், டீச் – டாட் – டாட், கேட்ச் – காட் – காட், திங்க் – தாட் – தாட்.
முதலும் மூன்றும் ஒன்று: கம் – கேம் – கம், பிகம் – பிகேம் – பிகம், ரன் – ரான் – ரன்.
மூன்றும் வேறு: சிங் – சாங் – சங், டிரிங்க் – டிராங்க் – டிரங்க், பிகின் – பிகேன் – பிகன்.
'ன்' என்று முடிபவை: ரைட் – ரோட் – ரிட்டன், ஸ்பீக் – ஸ்போக் – ஸ்போக்கன், டேக் – டுக் – டேக்கன், ஸீ – ஸா – ஸீன்.

'ரீட்' என்பதற்கு மூன்று பத்தியிலும் எழுத்து ஒன்றேதான், ஆனால் பின்னிரண்டையும் 'ரெட்' என்று உச்சரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வெர்ப் போதும். அகராதியிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எடுத்து எழுதுங்கள். இரண்டே வாரத்தில் எழுபது கிடைத்துவிடும், அன்றாடப் பேச்சைத் தொடங்க அது தாராளம்.

'இ-டி'யின் உச்சரிப்பில் ஒரு பொறி. எல்லாவற்றையும் 'எட்' என்று நீட்டக் கூடாது. அடிச்சொல் ஆங்கில t அல்லது d ஒலியில் முடிந்தால் மட்டும் தனி அசையாக வரும்: வாண்டட், நீடட். 'வாக்', 'வாஷ்', 'ஹெல்ப்' போன்றவற்றில் வெறும் 'ட்': வாக்ட், வாஷ்ட், ஹெல்ப்ட். 'ப்ளே', 'கால்' போன்றவற்றில் மெலிந்த ஒலி, நம் 'வண்டி'யின் 'டி'யில் கேட்பது போல. 'வாக்கெட்' என்று சொன்னால் கேட்பவர் ஒரு கணம் நிற்பார்.

படி 2: டென்ஸ் ஒரு இடத்தில்தான் உட்காரும்

ஒரு வினைத்தொடரில் முதலில் வரும் வெர்ப்தான் காலத்தைச் சுமக்கும். பின்னால் வருபவை சுமக்காது. இந்த ஒரு விதி பிடிபட்டால் கேள்வி, மறுப்பு இரண்டிலும் வரும் பிழைகளில் பெரும்பகுதி தானாக மறைந்துவிடும்.

"டிட் யூ வென்ட்?" தவறு. 'டிட்' ஏற்கெனவே இறந்தகாலத்தைச் சுமந்துவிட்டது, அடுத்தது 'கோ' என்று வெறுங்கையோடு வர வேண்டும்: "டிட் யூ கோ?" இப்படித்தான் "ஷி டிடின்ட் கேம்" தவறு, "ஷி டிடின்ட் கம்" சரி. "டஸ் ஹி ஒர்க்ஸ் ஹியர்?" தவறு, 'டஸ்' என்பதிலேயே அந்த 'எஸ்' போய்ச் சேர்ந்துவிட்டது: "டஸ் ஹி ஒர்க் ஹியர்?"

இன்னொரு வகைப் பிழை 'ஆம், இஸ், ஆர், வாஸ்' ஆகியவற்றைத் தேவையில்லாமல் ஒட்டுவது. "ஐ ஆம் அக்ரீ", "ஐ வாஸ் கம் லேட்" இரண்டும் எங்கும் காதில் விழுபவை. 'ஆம்' வந்தால் அடுத்த வெர்ப் ஒன்று 'ஐஎன்ஜி' வடிவில் இருக்க வேண்டும், அல்லது பாசிவாக மூன்றாம் வடிவில் இருக்க வேண்டும். வெறும் அடிப்படை வடிவம் அங்கே உட்காராது. "ஐ அக்ரீ", "ஐ கேம் லேட்" போதும்.

படி 3: சிம்பிள் பிரசன்ட், பிரசன்ட் கன்டினியுவஸ்

வழக்கமாக நடப்பது சிம்பிள். இப்போது, இந்த நாட்களில், தற்காலிகமாக நடப்பது கன்டினியுவஸ். "ஐ ஒர்க் இன் எ பேங்க்" என்றால் அதுதான் என் வேலை. "ஐ ஆம் ஒர்க்கிங் இன் எ பேங்க்" என்றால் இப்போதைக்கு அங்கே இருக்கிறேன், நாளை மாறலாம் என்ற தொனி கேட்கும்.

முதல் வழுக்கல் நம் 'வேன்' விகுதியில். "தினமும் ஆறு மணிக்கு எழுவேன்" என்கிறோம். வடிவத்தில் எதிர்காலம், பொருளில் பழக்கம். அதை அப்படியே "டெய்லி ஐ வில் கெட் அப் அட் சிக்ஸ்" என்று மாற்றினால், நாளையிலிருந்து எழப்போவதாக ஒரு உறுதிமொழி எடுத்தது போல் ஆகிவிடும். பழக்கத்துக்கு "ஐ கெட் அப் அட் சிக்ஸ் எவ்ரி டே". சிலர் இதற்கு "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் சிக்ஸ்" என்பார்கள். அதன் பொருள்: முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. நடப்புப் பழக்கத்துக்கு 'யூஸ்ட் டு' வரவே வராது. "சின்ன வயசில் தினமும் நீந்துவேன்" என்பதற்குத்தான் அது பொருந்தும்.

இரண்டாவது வழுக்கல், கன்டினியுவஸை ஏற்காத வெர்ப்கள். நோ, அண்டர்ஸ்டாண்ட், பிலீவ், லைக், வாண்ட், நீட், பிலாங், ஓன், ஸீம் போன்றவை ஒரு நிலையைக் குறிப்பவை, ஒரு செயலை அல்ல. "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" இரண்டும் தவறு. 'ஹேவ்' மட்டும் இரட்டை வேடம் போடும். உடைமை, உறவு என்றால் "ஐ ஹேவ்". சாப்பிடுவது, பொழுது கழிப்பது என்றால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. 'திங்க்' என்பதும் அப்படியே: கருத்து சொன்னால் "ஐ திங்க்", யோசனையில் இருந்தால் "ஐ ஆம் திங்கிங் அபௌட் இட்".

ஹி, ஷி, இட் வந்தால் 'எஸ்' சேர்ப்பது எல்லோருக்கும் தெரியும். பேசும்போது விழுங்கிவிடுவதுதான் பிரச்சினை. இதற்கு விதி உதவாது, வாய்ப் பழக்கம்தான். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளை 'ஹி' அல்லது 'ஷி' போட்டு, சத்தமாக, பத்து வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒரு வாரம் செய்தால் 'எஸ்' தானாக நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.

படி 4: சிம்பிள் பாஸ்ட்

முடிந்துபோன ஒரு நேரத்தில் நடந்தது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ இயர்ஸ் அகோ, இன் 2015, வென் ஐ வாஸ் எ சைல்ட்: இவற்றில் ஒன்று வாக்கியத்தில் இருந்தாலோ மனதில் இருந்தாலோ சிம்பிள் பாஸ்ட். கேள்வி 'வென்' என்று தொடங்கி, நடந்து முடிந்ததைக் கேட்டாலும் இதுதான். நாம் சொல்லும் கதை, சம்பவம், விசாரணை வாக்குமூலம் எல்லாமே பெரும்பாலும் இதில்தான் நடக்கும். ஆங்கிலத்தில் ஒரே ஒரு கடந்தகாலத்தை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்றால் அது இதுதான்.

ஒரு செயல் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று குறுக்கிட்டால் நீளமானதை 'வாஸ்' சேர்த்து 'ஐஎன்ஜி'யில் சொல்லுங்கள், குறுக்கிட்டதை சிம்பிள் பாஸ்டில்: "ஐ வாஸ் குக்கிங் வென் த ஃபோன் ராங்". பாஸ்ட் கன்டினியுவஸ் பற்றி இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

தமிழ்ப் பொறி ஒன்று உண்டு. யாராவது கூப்பிட்டால் எழுந்திருக்காமலே "இதோ வந்துட்டேன்" என்கிறோம். நடக்கவிருப்பதற்கு இறந்தகாலம். ஆங்கிலத்தில் "ஐ கேம்" என்றால் எதிரில் வந்து நிற்க வேண்டும். அங்கே "ஐ ஆம் கமிங்".

படி 5: பிரசன்ட் பெர்ஃபெக்ட் – இதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள்

தமிழ் பேசுபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 'வந்திருக்கிறேன்', 'பார்த்திருக்கிறேன்' என்று நம்மிடம் ஏறக்குறைய இதே போன்ற வடிவம் இருப்பதுதான் தொல்லையே. ஒத்துப்போவது போல் போய், பாதி வழியில் பிரிந்துவிடும்.

"போன வருஷம் அங்கே போயிருக்கேன்." தமிழில் இதில் ஒரு குறையும் இல்லை. "ஐ ஹேவ் பீன் தேர் லாஸ்ட் இயர்" ஆங்கிலத்தில் தவறு. 'ஹேவ்' பெர்ஃபெக்டும் முடிந்துபோன நேரச் சொல்லும் ஒரே வாக்கியத்தில் சேராது. 'லாஸ்ட் இயர்' வேண்டுமென்றால் "ஐ வென்ட் தேர் லாஸ்ட் இயர்". 'ஹேவ்' வேண்டுமென்றால் 'லாஸ்ட் இயர்' என்பதை எடுத்துவிட்டு "ஐ ஹேவ் பீன் தேர்". ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுக்க 'இருக்கேன்' என்ற வாலைப் பார்க்காதீர்கள், நேரச் சொல்லைப் பாருங்கள்.

பிரசன்ட் பெர்ஃபெக்டை மூன்று இடத்தில் எடுங்கள்.

ஒன்று, எப்போது என்று சொல்லாத அனுபவம்: "ஹேவ் யூ எவர் டிரிவன் எ டிரக்?" அவர் ஆம் என்று சொன்னபின், எப்போது, எங்கே என்று விவரம் கேட்கும்போது உடனே சிம்பிள் பாஸ்டுக்கு மாற வேண்டும்: "வென் டிட் யூ டிரைவ் இட்?" இந்த மாற்றத்தில் கோட்டை விடுபவர்கள் அதிகம், உரையாடல் முழுவதையும் 'ஹேவ்' போட்டே ஓட்டுவார்கள்.

இரண்டு, நடந்து முடிந்தது, ஆனால் விளைவு இப்போது கண்முன் இருக்கிறது: "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ". சாவி இன்னும் கிடைக்கவில்லை. "ஐ லாஸ்ட் மை கீ" என்றால் பிறகு கிடைத்திருக்கலாம்.

மூன்று, அப்போது தொடங்கி இன்னும் தொடர்வது. "மூணு வருஷமா இங்கே இருக்கேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் "ஐ ஆம் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்று வாயில் வந்துவிடுகிறது. அதில் இரண்டு பிழை. சரியானது "ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்". 'ஃபார்', 'சின்ஸ்' குழப்பத்தைத் தீர்க்கத் தமிழே கைகொடுக்கும்: தமிழில் காலத்தின் அளவைச் சொல்லி 'ஆக' சேர்த்தால் 'ஃபார்' (மூன்று வருஷமாக, பத்து நாளாக), தொடங்கிய புள்ளியைச் சொல்லி 'இலிருந்து' சேர்த்தால் 'சின்ஸ்' (திங்கட்கிழமையிலிருந்து, 2019இலிருந்து).

தொடர்வது செயலாக இருந்தால் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்: "ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் அன் அவர்". "ஐ ஆம் வெயிட்டிங் ஃபார் அன் அவர்" என்று சொல்லாதீர்கள்.

'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்' இரண்டும் வேறு. "ஷி ஹேஸ் கான் டு த பேங்க்": போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஷி ஹேஸ் பீன் டு த பேங்க்": போய்விட்டு வந்துவிட்டார். ஆகவே ஃபோனில் யாரும் "ஐ ஹேவ் கான் டு த பேங்க்" என்று தன்னைப் பற்றிச் சொல்வது அரிது. அந்நேரத்தில் "ஐ ஆம் அட் த பேங்க்" என்பார்கள்.

'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட்' இருந்தால் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பெர்ஃபெக்ட்: "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?" என்றும் சாதாரணமாகக் கேட்பார்கள். இரண்டும் சரி. தேர்வு எழுதுகிறவர்கள் முதலாவதையே பிடித்துக்கொள்வது பத்திரம்.

மறுப்பில் நம் 'போகலை' ஒன்றே பல வேலை பார்க்கும். இதை மட்டும் நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதிவைக்கலாம்:

நேத்து போகலை – ஐ டிடின்ட் கோ.
இன்னும் போகலை – ஐ ஹேவன்ட் கான் யெட்.
நாளைக்கு நான் போகலை – ஐ ஆம் நாட் கோயிங்.
வழக்கமாகப் போறதில்லை – ஐ டோன்ட் கோ.

வாயில் 'போகலை' வந்தவுடன் நிறுத்தி, நேற்றா, இன்னுமா, நாளைக்கா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைத்துவிட்டால் வடிவமும் கிடைத்துவிடும்.

படி 6: பாஸ்ட் பெர்ஃபெக்ட் – குறைவாகப் பயன்படுத்துங்கள்

"நேற்று உங்க வீட்டுக்கு வந்திருந்தேன்." மரியாதைக்காகவோ, விஷயத்தை மெல்லத் தொடங்கவோ நாம் இப்படிச் சொல்வோம். இது "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" என்று மாறும்போது ஆங்கிலம் கேட்பவர், 'சரி, அதற்கு அப்புறம் என்ன நடந்தது?' என்று காத்திருப்பார். 'ஹேட்' வந்தால் அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு கடந்தகாலச் சம்பவம் பேச்சில் இருந்தாக வேண்டும்: "வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்". முதலில் ரயில் போனது, பிறகு நான் போய்ச் சேர்ந்தேன். இரண்டு சம்பவம் இல்லையென்றால் 'ஹேட்' வேண்டாம். "ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே."

அலுவலக மெயில்களில் "ஐ ஹேட் சென்ட் த ஃபைல் லாஸ்ட் வீக்" என்று எழுதுவது தொற்றுநோய் போலப் பரவிக் கிடக்கிறது. "ஐ சென்ட் த ஃபைல் லாஸ்ட் வீக்" என்றால் போதும்.

வரிசை ஏற்கெனவே தெளிவாக இருந்தாலும் 'ஹேட்' தேவையில்லை. 'ஆஃப்டர்', 'பிஃபோர்' இருக்கும் வாக்கியத்தில் இரண்டையும் சிம்பிள் பாஸ்டில் எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

படி 7: வருங்காலத்துக்கு நாலு கதவு

'வில்' மட்டுமே எதிர்காலம் என்று பள்ளியில் பதிந்துபோயிருக்கும். பேச்சில் நாலு வடிவம் புழங்குகிறது.

'வில்': இந்த நொடியில் எடுத்த முடிவு, உதவி செய்ய முன்வருவது, ஊகம். ஃபோன் அடிக்கிறது, "ஐ வில் கெட் இட்."
'கோயிங் டு': முன்பே எண்ணிவைத்தது, அல்லது அறிகுறி கண்ணுக்குத் தெரிவது. மேகம் கறுத்திருக்கிறது, "இட் இஸ் கோயிங் டு ரெய்ன்."
பிரசன்ட் கன்டினியுவஸ்: நாள் குறித்து, ஏற்பாடு முடிந்தது. "ஐ ஆம் மீட்டிங் த டாக்டர் டுமாரோ."
சிம்பிள் பிரசன்ட்: கால அட்டவணை. "த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்."

முன்பே டிக்கெட் எடுத்துவிட்ட பயணத்தை "ஐ வில் கோ டு டெல்லி டுமாரோ" என்று சொன்னால் இலக்கணம் கெடாது, ஆனால் இப்போதுதான் தோன்றியது போல் கேட்கும். நாலில் எதுவும் நினைவுக்கு வரவில்லையா, திட்டத்துக்கு 'கோயிங் டு' எடுங்கள். அதில் சேதம் குறைவு.

படி 8: இஃப், வென், அண்டில் – அதற்கு அருகில் 'வில்' கூடாது

இஃப், வென், ஆஃப்டர், பிஃபோர், அண்டில், ஆஸ் ஸூன் ஆஸ்: இவை தொடங்கும் பகுதியில் எதிர்காலத்தைச் சொன்னாலும் சிம்பிள் பிரசன்ட் போட வேண்டும். 'வில்' மற்றப் பாதிக்குப் போகும். "வென் ஐ வில் ரீச், ஐ வில் கால் யூ" தவறு. "வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ" சரி. 'போய்ச் சேர்ந்ததும்' என்று தமிழில் இந்தப் பாதி எதிர்காலமாக இல்லை என்பதால், தமிழில் யோசித்துச் சொன்னாலே இது சரியாக வர வேண்டும். ஆங்கிலத்தில் யோசிப்பதாக நினைத்துக்கொண்டு 'வில்' சேர்ப்பதால்தான் கெடுகிறது.

நடக்காத, கற்பனையான நிலைமைக்கு வெர்ப் காலத்தில் ஒரு படி பின்னால் போக வேண்டும்: "இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் டிரைவ்". கார் இப்போது இல்லை. நடந்து முடிந்ததைப் பற்றிய ஏக்கம் என்றால் இரண்டு படி: "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் கம்". 'இஃப்' பக்கத்தில் 'வுட்' வைக்காதீர்கள்.

அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போது இன்னொரு வழுக்கல். "அவன் வருவேன்னு சொன்னான்" என்று அவன் வாய்ச்சொல்லை நாம் அப்படியே வைத்துவிடுவோம். "ஹி ஸெட் ஐ வில் கம்" என்று மாற்றினால், வரப்போவது நீங்கள் என்றாகிவிடும். ஆளும் மாற வேண்டும், வெர்பும் ஒரு படி பின்னால் போக வேண்டும்: "ஹி ஸெட் ஹி வுட் கம்". 'ஆம்' என்பது 'வாஸ்', 'கேன்' என்பது 'குட்', 'ஹேவ்' என்பது 'ஹேட்' ஆகும்.

படி 9: எழுத்தில், நேர்காணலில்

ரெஸ்யூமே: விட்டுவந்த வேலைகளுக்கு எல்லா வரியும் பாஸ்ட்: "மேனேஜ்ட் எ டீம் ஆஃப் சிக்ஸ்". இப்போதைய வேலையில் தொடரும் பொறுப்புகள் பிரசன்ட்: "மேனேஜ் எ டீம் ஆஃப் சிக்ஸ்". அதே வேலையில் முடித்துவிட்ட ஒரு காரியம் என்றால் பாஸ்ட். வரி தோறும் 'ஐ' தேவையில்லை.

நேர்காணல்: "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019" என்று தொடங்குபவர்கள் ஏராளம். ஆண்டு வந்துவிட்டதால் "ஐ கம்ப்ளீட்டட்". "ஐ ஆம் பார்ன் இன்" அல்ல, "ஐ வாஸ் பார்ன் இன்". "ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்" அல்ல, "ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". முக்கியமான ஒன்று: "ஐ ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள், "ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கே இருக்கிறீர்கள். எதிரில் இருப்பவர் இதை வைத்துத்தான் அடுத்த கேள்வியைக் கேட்பார்.

புகார் மெயில்: "த பார்சல் ஹேஸ் நாட் அரைவ்ட்" என்றால் இன்னும் எதிர்பார்க்கிறேன், அனுப்புங்கள் என்று பொருள். "த பார்சல் டிட் நாட் அரைவ்" என்றால் அந்தக் கதை முடிந்தது, பணத்தைத் திருப்புங்கள் என்ற பக்கம் சாயும். உங்களுக்கு வேண்டியதைப் பார்த்து எடுங்கள்.

பொது மெயில்: "ஐ ஹேவ் அட்டாச்ட் மை ரெஸ்யூமே" சரி. "ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ" தவறு, அந்த 'டு'வுக்குப் பின் 'ஹியரிங்' வர வேண்டும். "ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்" என்று யாராவது எழுதினால் குழம்பாதீர்கள். காலம் கடந்ததாக இருந்தாலும் கேட்பது இப்போதுதான். பணிவுக்காக ஆங்கிலம் ஒரு படி பின்வாங்கிப் பேசும்.

அனுப்பும் முன் ஒரு சோதனை, ஐந்து நிமிடம் ஆகும். எழுதியதில் உள்ள நேரச் சொற்களை எல்லாம் முதலில் வட்டமிடுங்கள். பிறகு ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகிலுள்ள வெர்பின் அடியில் கோடிடுங்கள். 'லாஸ்ட்', 'அகோ', ஆண்டு எண் பக்கத்தில் 'ஹேவ்' இருக்கிறதா? 'ஃபார்', 'சின்ஸ்' பக்கத்தில், இன்னும் தொடரும் ஒன்றுக்கு 'ஆம்' இருக்கிறதா? 'இஃப்', 'வென்' பக்கத்தில் 'வில்' இருக்கிறதா? 'டிட்' பின்னால் இரண்டாம் வடிவம் இருக்கிறதா? 'ஹேட்' தனியாக நிற்கிறதா? இந்த ஐந்தையும் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

ஃபியூச்சர் பெர்ஃபெக்ட், ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் இரண்டையும் தேர்வுக்குத் தேவைப்பட்டால் மட்டும் படியுங்கள். பேச்சில் அவற்றை எதிர்கொள்ளும் நாள் வந்தால், கேட்டவுடன் புரியும் அளவுக்கு அதற்குள் மற்றவை கைவந்திருக்கும்.